இலங்கை மலாய் மொழி

இலங்கை மலாய் மொழி என்பது, ஒல்லாந்தர் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் மலாய்க் குடாநாட்டிலிருந்தும் இலங்கைக்கு வந்துசேர்ந்தோரின் வழித்தோன்றல்கள் பேசும் மொழியாகும். அதன் சொற்களில் பெரும்பாலானவை மலாய்ச் சொற்கள்; அவற்றைத் தொடுக்கும் இலக்கணம் தமிழுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கியது.

யாழ்ப்பாணத்துக்குக் கிழக்கேயுள்ள சாவகச்சேரியின் பெயர், 1247இல் மலாய்க் குடாநாட்டுத் தாம்பிரலிங்கத்திலிருந்து படையெடுத்து வந்து, பிற்பாடு இலங்கையின் வடபகுதியில் ஆதிக்கம் பெற்ற சந்திரபானுவின் சாவகப் படையினரை நினைவூட்டுவதாகக் கருதப்படுகிறது. ஆயினும் அச்சாவகரின் பேச்சு இங்கு நிலைக்கவில்லை. இன்றைய மொழி, 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், பத்தாவியா (இன்றைய ஜக்கார்த்தா) வழியாகக் கொண்டுவந்த படைவீரர், அடிமைகள், நாடுகடத்தப்பட்ட பிரபுக்கள் ஆகியோரிடமிருந்து தொடங்குகிறது. 1708இல் நாடுகடத்தப்பட்ட மத்தராம் அரசன் மூன்றாம் அமங்குராத்தும் அவர்களுள் ஒருவன். வெவ்வேறு தாய்மொழிகளைக் கொண்டிருந்த இவர்களைச் சந்தை மலாய், அதாவது துறைமுகங்களில் வணிகத்துக்கு வழங்கிய எளிய மலாய், ஒன்றிணைத்தது.

ஆங்கிலேயர் மலாய்ப் படைப்பிரிவைத் தொடர்ந்து நடத்தி, 1873இல் கலைத்தனர். இக்காலத்தில் கற்றோர், அரபு எழுத்தில் மலாயை எழுதும் முறையைப் பேணினர். பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் கொழும்பில் தொடங்கிய ‘அலாமத் லங்காபுரி’, உலகின் மிகப் பழைய மலாய் இதழ்களுள் ஒன்றாகும். வீட்டுப் பேச்சோ வேறு திசையில் சென்றது. தமிழ் பேசும் சோனகரோடு ஏற்பட்ட மணவுறவும் பள்ளிவாசல் வாழ்வும் அதன் வாக்கிய அமைப்பையே மாற்றின.

மலாயிலும் இந்தோனேசியத்திலும் வினை, செயப்படுபொருளுக்கு முன் நிற்கும். இலங்கை மலாயில் தமிழைப் போல் இறுதியில் நிற்கும். ‘வீட்டில்’ என்பதற்கு அவ்விரு மொழிகளும் முன்னே ஓர் இடைச்சொல் வைத்து ‘டி ரூமா’ என்கையில், இலங்கை மலாய் வேற்றுமை உருபைப் பின்னே சேர்த்து ‘ரூமாகா’ என்கிறது. நான்காம் வேற்றுமைக்கு ‘நங்’, ஆறாம் வேற்றுமைக்கு ‘பே’ என உருபுகள் தோன்றின. தகர டகர வேறுபாடும் ஒலியமைப்பில் இடம்பெற்றது. சிங்களத்துக்கும் இதே வாக்கிய அமைப்பு உண்டாதலால், எம்மொழியின் செல்வாக்கு மிகுதி என்பதில் அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு. சமூக வரலாற்றை நோக்கும்போது, தமிழின் பங்கே பெரிது என்று பி. ஏ. ஹுசைன்மியா, இயன் சிமித், ஸ்காட் பாவ் ஆகியோர் கூறுவது வலுவுடையது.

இந்தோனேசியமும் மலேசிய மலாயும் இந்த அளவுக்குப் பிரியவில்லை. இரண்டும் ரியாவ்–ஜொகூர் இலக்கிய மலாயின் வழிவந்தவை. 1928ஆம் ஆண்டு இளைஞர் உறுதிமொழி இந்தோனேசியத்தை ஒற்றுமை மொழியாக அறிவித்தது. 1972இல் இரு நாடுகளும் எழுத்துமுறையை ஒன்றாக்கின. வேறுபாடு பெரிதும் சொற்களில்தான்: ஒல்லாந்த மொழியிலிருந்து இந்தோனேசியம் ‘கந்தோர்’ என்று பெற்ற சொல், அதே பொருளில் யாழ்ப்பாணத் தமிழிலும் வழங்க, மலேசியர் ‘பெஜாபாத்’ என்கின்றனர். இந்நெருக்கத்தால் இந்தோனேசியப் பொப்பிசை மலேசியாவில் மொழிபெயர்ப்பின்றியே பரவியது. ஷீலா ஒன் செவன், பீட்டர்பேன் ஆகிய குழுக்களின் பாடல்கள் பெற்ற வரவேற்பைக் கண்டு, 2008இல் மலேசியக் கலைஞர்கள் வானொலியில் உள்ளூர்ப் பாடல்களுக்குப் பெரும்பங்கு ஒதுக்குமாறு கோரினர். இலங்கை மலாயர் அப்பாடல்களில் பழகிய சொற்களைக் கேட்பார்கள். ஆனால் வாக்கியம் அவர்கள் வீட்டு வாக்கியமாக இராது. முதலிரு அடிகளில் இயற்கைக் காட்சியையும் பின்னிரு அடிகளில் கருத்தையும் சொல்லும் ‘பந்துன்’ என்னும் நாலடிப் பாடல் மரபே இவர்களுக்கும் கிழக்குலக மலாயருக்கும் பொதுவான பழைய உறவாகும்.

கொழும்பில் இளந்தலைமுறை சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பெரிதும் மாறிவிட்டது. அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையில் மட்டுமே சிறுவர் இதனை முதன்மொழியாகக் கற்றுவருவதை மொழியியலாளர் பதிவுசெய்துள்ளனர். தமிழிலக்கணம் ஒரு தொலைதேச மொழிக்குள் புகுந்து உருவாக்கிய இப்பேச்சையும் அதன் பந்துன்களையும், பேசுவோர் இருக்கும்போதே தமிழாய்வாளர் பதிவுசெய்ய முன்வருதல் வேண்டும்.