டி.கே.எம். 6 (நெல்)

டி.கே.எம். 6, திருவள்ளூர் மாவட்டத்தின் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1952இல் வெளிவந்த ஒட்டு ரகம். தண்டுத் துளைப்பானையும் பாக்டீரியா இலைக்கருகலையும் தாங்கும் குணத்தால், ஆசிய நெல் ரகங்கள் பலவற்றுக்கு மூதாதை ஆனது.

பெற்றோர்

ஜி.இ.பி. 24, கோ 18 ஆகியவற்றை ஒட்டுச் சேர்த்து இது உருவாக்கப்பட்டது. ஜி.இ.பி. 24, கோணமணி என்ற நாட்டு நெல்லிலிருந்து கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் பிரித்தெடுத்த சன்ன ரகம். கிச்சிலிச் சம்பா என்றும் அதை அழைப்பர்.

ஒட்டுச் சேர்க்கும் முறை

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். எனவே பூ விரியுமுன் தாய்ப் பயிரின் பூவிலுள்ள ஆறு மகரந்தப்பைகளையும் நீக்கி, தந்தைப் பயிரின் மகரந்தத்தைத் தூவி, கதிரை உறையிட்டு மூட வேண்டும். இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பலவாறு பிரியும். வேண்டிய செடிகளைத் தலைமுறைதோறும் பொறுக்கியெடுத்தால், ஏறத்தாழ ஆறாம் தலைமுறையில் குணங்கள் நிலைப்படும்.

வழித்தோன்றல்கள்

பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் டி.கே.எம். 6ஐப் பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர். 20 (1969), ஐ.ஆர். 26 (1973) ரகங்களை வெளியிட்டது. ஐ.ஆர். 20 தமிழகச் சம்பாப் பட்டத்தில் நெடுங்காலம் நிலைத்தது. 1976இல் வந்த ஐ.ஆர். 36இன் வம்சாவளியிலும் டி.கே.எம். 6 உண்டு, 1980களில் அது சுமார் 1.1 கோடி எக்டேரில் பயிரானது. ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாகி, தமிழகத்தில் ஆந்திரா பொன்னி என விற்கப்படும் பி.பி.டி. 5204, ஜி.இ.பி. 24 வழியே டி.கே.எம். 6க்கு உறவு.

பாதுகாப்பு

எதிர்ப்புத் திறன் நிரந்தரமன்று. ஐ.ஆர். 26 வெளிவந்த சில ஆண்டுகளிலேயே அதைத் தாக்கவல்ல புதிய புகையான் பூச்சி வகை பெருகியது. இப்படி நேரும்போதெல்லாம் புதிய எதிர்ப்புக் குணத்தைப் பழைய ரகங்களிலும் காட்டு நெல்லிலுமே தேட வேண்டியிருக்கிறது. ஆகவே விளைச்சல் போட்டியில் தோற்ற ரகத்தையும் அழியவிடலாகாது. பன்னாட்டு நிலையத்தின் மரபணு வங்கி 1.3 லட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகளைக் குளிரில் காக்கிறது. ஆனால் மாறும் மண்ணுக்கும் பூச்சிக்கும் ஏற்பப் பயிர் தன்னைத் தகவமைத்துக்கொள்வது வயலில்தான். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2006 முதல் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் உழவருக்கு 2 கிலோ விதை தந்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெற்ற முறை ரகங்களை வயலிலேயே வாழவைத்தது. விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்குள்ள உரிமையை இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உறுதிசெய்கிறது. நாளைய ஒட்டு ரகங்களுக்கான பெற்றோர், அந்த உரிமை வயலில் பயன்படும் அளவுக்கே உயிரோடிருக்கும்.