கண்ணாடி இருந்த இடம்: ஹெலியோஸ்-44 என்னும் பிரதி

ஹெலியோஸ்-44-2 ஒரு பழைய சோவியத் சரக்கு. மலிவு லென்ஸ். மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்கள் இதைத் தேடிப்பிடித்து வாங்கி, ஓர் உலோகக் குழாய் வழியாக மாட்டி, கையால் திருகித் திருகி ஃபோக்கஸ் பிடித்து விளையாடுகிறார்கள். மரத்தடியில் ஒருவரை நிறுத்தி எடுத்தால், பின்னாலுள்ள வெளிச்சப் புள்ளிகள் அவரைச் சுற்றிச் சுழல்வதுபோல விழும். ‘லென்ஸோட கேரக்டர்’ என்பார்கள். யாரோட கேரக்டர் என்று கேட்டால் விளையாட்டு சிக்கலாகிவிடுகிறது.

1936இல் டிரெஸ்டனிலிருந்து கீனே எக்ஸாக்டா வந்தது. 35 மி.மீ. ஃபிலிமுக்கான ரிஃப்ளெக்ஸ் கேமரா. அதற்காக யேனாவின் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்தது 58 மி.மீ. பயோட்டார், வடிவமைப்பு வில்லி மெர்ட்டேயுடையது. 50 ஆக இல்லாமல் ஏன் 58? லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கண்ணாடியொன்று எழும்பி இறங்க வேண்டும், அதற்கு வழிவிட்டு லென்ஸ் தள்ளி நிற்க வேண்டும். அந்த எட்டு மில்லிமீட்டரை எழுதியது கண்ணாடிதான். அதே 1936இல்தான் இயந்திர மறுஉற்பத்திக் காலத்துக் கலைப்படைப்பு பற்றிய வால்டர் பெஞ்சமினின் கட்டுரை பிரெஞ்சில் வெளியானது. நகலாகப் பெருகும் படைப்பு தன் ஒளிவட்டத்தை இழக்கிறது என்பது அவர் வாதம். நகலெடுக்கிற கருவியே நகலெடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு யேனா பதில் சொல்லிற்று.

1945 ஜூனில் அமெரிக்க ராணுவம் எண்பதுக்கும் மேற்பட்ட ஸைஸ் நிபுணர்களை மேற்கே கொண்டுபோனது. ஜூலையில் ஊர் சோவியத் வசமானது. 1946 அக்டோபரில் ஆலையின் பெரும்பகுதி இழப்பீட்டுக் கணக்கில் கழற்றப்பட்டது. நிபுணர்கள் குடும்பத்தோடு ரயிலேற்றப்பட்டார்கள், விருப்பம் கேட்கப்படவில்லை. மாஸ்கோவுக்கு அருகே, 1942இல் போருக்கு நடுவில் நிறுவப்பட்ட கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் பயோட்டார் மறுபிறவி எடுத்தது. சோவியத் ஒளியியல் கண்ணாடிகளுக்கேற்பக் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். பிறகு அதற்குக் கிரேக்கச் சூரியக் கடவுளின் பெயர். 1965 முதல் செய்யப்பட்ட ஸெனித்-இ கேமரா மட்டுமே முப்பது லட்சத்துக்கு மேல். அதோடு வழக்கமாக வந்த லென்ஸ்களில் ஒன்று இந்த ஹெலியோஸ்.

‘ரஷ்யாக்காரன் காப்பியடிச்சான்’ என்பது புகைப்படக்காரர்கள் மத்தியில் பழகிப்போன இளக்காரம். நிபுணர்களை மேற்கே அள்ளிப்போனவர்களுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. ‘மூலம்’ என்கிற பீடத்தில் உட்கார வைக்கப்படும் யேனாவும், போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கிய இடம்தான்.

சுழலுக்கு வருவோம். படத்தின் ஓரத்துக்குப் போகும் ஒளிக்கற்றையை லென்ஸின் உலோக விளிம்பு இருபுறமும் கடித்துவிடுகிறது. வட்டமாக விழ வேண்டிய புள்ளி பூனைக்கண்ணாகிறது. திருத்தப்படாமல் விட்ட பிறழ்ச்சி வேறு. நேராகச் சொன்னால், குறை. பாடப்புத்தகத்துப் படி அடக்கப்பட வேண்டியது, அதுவும் விளிம்பில் நடப்பது, இன்றைக்கு மையத்துக்கு வந்து விலை வைத்துக்கொள்கிறது.

வழிவிட்டது 2008. அந்த வருஷம் வந்த பானாசோனிக் ஜி1 கேமராவில் கண்ணாடி இல்லை. திருகு மறைகொண்ட ஹெலியோஸ், உணரியிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். சோனியின் இ-மவுன்ட்டில் இருக்கும் இடைவெளி 18 மி.மீ.தான். மிச்சம் 27.46. விளையாட்டுக்காரர்கள் வாங்குகிற குழாய் இந்த நீளத்துக்குத்தான். உள்ளே லென்ஸ் கிடையாது, ஒன்றும் கிடையாது. காணாமல்போன கண்ணாடியின் இடத்தைக் காற்றால் நிரப்பி விற்கிறார்கள், அவ்வளவுதான். 2013இல் சோனி ஏ7 முழு அளவு உணரியோடு வந்தபின் ஓரங்களும் படத்துக்குள் வந்தன, சுழலும் வந்தது.

கையின் இன்பம் பொய்யில்லை. இதில் இரண்டு வளையம்: ஒன்றில் துளையின் அளவைக் குறித்து வைத்து, இன்னொன்றால் திறந்து மூடலாம். ரிஃப்ளெக்ஸில் மூடினா இருட்டிடும். மின்திரையில் கேமராவே வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்கும். கூர்மையான விளிம்பில் நிறம் பூசிக் காட்டும். வாரமெல்லாம் தானியங்கிகளுக்கு முன்னால் இருக்கிறவன் ஞாயிற்றுக்கிழமை விரலால் உழைத்துப் பார்க்கிறான்.

அதே 2013இல் லோமோகிராபி நிறுவனம், 1840இன் பெட்ஸ்வால் லென்ஸைப் பித்தளையில் மறுபடி வார்த்து விற்றது. விளம்பரமே அதன் சுழல்தான். செய்துகொடுத்தது ரஷ்யாவின் ஸெனித். விலை, சந்தையில் கிடந்த பழைய ஹெலியோஸைப் போலப் பல மடங்கு.