நடக்கும்போது செருப்பு கழன்று விழுகிறதா? முழங்கால் நரம்புக்குள் வரும் நீர்க்கட்டி பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்!

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி தினமும் வாக்கிங் போகும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக வலி வருகிறது. ‘வயசாயிடுச்சுல்ல, மூட்டுத் தேய்மானமா இருக்கும்’ என்று தைலம் தேய்த்துச் சமாளிக்கிறார். கொஞ்ச நாளில் கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை. பாதம் தரையில் உரசுகிறது, செருப்பு கழன்று விழுகிறது. டாக்டர்கள் இதை ‘ஃபுட் டிராப்’ என்கிறார்கள்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் அரிதான ஒன்று, நரம்புக்குள்ளேயே உருவாகும் நீர்க்கட்டி. மருத்துவப் பெயர் ‘இன்ட்ராநியூரல் கேங்லியான்’.

நரம்புக்குள் கட்டி எப்படி வருகிறது?

கெண்டைக்காலின் வெளிப்பக்கம் ஃபிபுலா என்ற ஒல்லியான எலும்பு இருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே அது பெரிய எலும்பான டிபியாவுடன் ஒரு சிறு மூட்டாகச் சேர்கிறது. பாதத்தைத் தூக்க வைக்கும் பெரோனியல் நரம்பு, இந்த ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றித்தான் போகிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய கிளை அந்த மூட்டுக்குப் போகும்.

மூட்டின் உறையில் விரிசல் விழுந்தால், உள்ளே இருக்கும் திரவம் இந்தக் கிளைக்குள் புகுந்து மேலே ஏறும். ஏறியது எளிதில் திரும்பாது. ஜெல்லி மாதிரி தேங்கி, நரம்பை உள்ளிருந்தே நசுக்கும். சிலருக்குத் தொடையில் உள்ள சயாட்டிக் நரம்பு வரைகூட இது போவதுண்டு.

எப்போது தெரியவந்தது?

நரம்புக்குள் இப்படிக் கட்டி இருப்பதை பிரான்ஸில் 1810-லேயே பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் அது நரம்பிலேயே தோன்றுகிறது என்ற கருத்தும் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் ஸ்பின்னரின் குழு, மூட்டுதான் இதன் ஊற்று என்ற விளக்கத்தை 2003-ல் முன்வைத்தது.

இதனால் சிகிச்சையில் என்ன மாற்றம்?

வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாகத்தான் தெப்பக்குளத்துக்கு வருகிறது. கால்வாயை அடைக்காமல் குளத்தை மட்டும் இறைத்தால் என்ன ஆகும்? மறுபடியும் நிரம்பும். இங்கேயும் அதே கதைதான். கட்டியை மட்டும் வடித்துவிட்டால் திரும்ப வரலாம். அதனால் மூட்டுக்குப் போகும் கிளையைத் துண்டித்து, தேவைப்பட்டால் அந்தச் சிறு மூட்டையும் சரிசெய்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதுகு டிஸ்க் பிரச்னையிலும் பாதம் தொங்கும். தொழுநோயும் இதே இடத்தில் நரம்பைத் தாக்கும், அதற்கு அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து உண்டு. அதனால் முதுகுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்து நிறுத்திவிடக் கூடாது. முழங்கால் பகுதிக்கு எம்.ஆர்.ஐ அல்லது அல்ட்ராசவுண்டு எடுத்தால் கட்டி தெரியும். நரம்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தனிப் பரிசோதனை இருக்கிறது.

பயப்பட வேண்டுமா?

இது புற்றுநோய் அல்ல. ஆனால் தள்ளிப்போடக் கூடாது. நரம்பு நீண்டநாள் நசுங்கிக் கிடந்தால், ஆபரேஷன் செய்தாலும் பாதத்தின் பலம் முழுசாகத் திரும்பாமல் போகலாம். பாதம் தூக்க வரவில்லை என்றால் சுளுக்கு எடுக்கப் போகாமல், உடனே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.