தவறணையை மூடியவர்களும் தொலைபேசியை எடுத்தவரும்

மன்னார்த் தீவின் பனங்கூடலில் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது கருப்பநீர், தடவாவிட்டால் கள். ஒரே பாளை, ஒரே சாறு. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் குடியைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தார்கள். 1904இல் இலங்கையில் தலைதூக்கிய மதுவிலக்கு இயக்கம், 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தை எதிர்த்து மறுபடி கிளர்ந்தது. ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் வழியும் பின்னர் பிறந்தது. அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனாலும் இயக்கத்தின் கண் கடைமீதே இருந்தது, குடிப்பவர்மீது அல்ல. கடை மூடினால் மரமேறும் வீட்டில் அடுப்பு அணையும். குடியை விட முடியாதவரோ கசிப்பைத் தேடிப் போவார்.

குடிப்பவரிடமிருந்தே தொடங்கிய வழி வேறொரு கரையில் பிறந்தது. 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றார். வந்த வியாபாரம் கைகூடவில்லை, பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியை எடுத்தார். தேடியது வைத்தியரையோ போதகரையோ அல்ல, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரை. அப்படிக் கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். அவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (பெயர் வெளியிடாத குடிகாரர்கள்) என்ற அமைப்பு பிறந்த நாளாகக் கணக்கிடப்படுகிறது. குடியை விட இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு என்பது அவர்களின் மரபு. தலைமன்னார், பேசாலை, வங்காலை என்று கோயிலைச் சுற்றியே ஊர் அமைந்த கரையில், தேடலின் முதற்கதவு பங்குத்தந்தையின் கதவாகவே இருக்கலாம். அவர் செய்ய வேண்டியது பிரசங்கம் அல்ல. ஒருவரை மற்றவரிடம் சேர்த்துவிடுவது.

எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் பெயர் மறைப்பது எப்படி என்று கேட்பார்கள். யார் குடிக்கிறார் என்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். கூட்டம் காக்க வேண்டியது அங்கே பேசப்பட்டதை. இது கிறிஸ்தவர்களின் ஏற்பாடல்லவா, எருக்கலம்பிட்டி முஸ்லிம் எப்படி வருவார் என்பது அடுத்த கேள்வி. அதன் வேர் புரட்டஸ்தாந்து பக்தி இயக்கம் ஒன்றில் உண்டு என்பது மெய்தான். ஆனால் 1939இல் வெளியான அவர்களின் நூலே கடவுளை அவரவர் விளங்கிக்கொண்டபடி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கூட்டத்துக்கான கதிரைகள் கோயில் மண்டபத்தில்தான் கிடக்க வேண்டும் என்றும் விதியில்லை. பாடசாலை வகுப்பறை எல்லாருக்கும் பொது. பேசினால் குடி போகுமா என்ற ஐயத்துக்கு, 27 ஆய்வுகளையும் 10,000க்கு மேற்பட்டோரையும் உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பீடு பதில் தருகிறது. இந்த வழியில் முறையாகச் சேர்க்கப்பட்டவர்கள் தொடர்ந்து குடிக்காதிருப்பதில் மற்றச் சிகிச்சைகளை விட முன்னே நின்றார்கள். ஓர் ஆட்சேபம் மட்டும் முழுக்கச் சரி. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம், உயிரும் போகலாம். அவர் முதலில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. அங்கிருந்து திரும்பி, மீன் விற்ற காசு மடியில் இருக்கும் மாலையில், தவறணைக்குப் போகும் அதே நேரத்தில் கூட்டமும் நடக்க வேண்டும்.