‘ரூமர்ஸ்’ ஆல்பம்: பிரிவின் வலியில் பிறந்த பாடல்களும் விரிவாக்கப் பதிப்புகள் கூறும் கதையும்

ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுவின் ‘ரூமர்ஸ்’ ஆல்பம் 1977ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி வெளியானது. உலகம் முழுவதும் 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையான இந்த ஆல்பம், ராக் இசை வரலாற்றில் மிக அதிகமாக விற்பனையானவற்றுள் ஒன்று. குழுவில் இருந்த ஐந்து பேரின் மணவாழ்வும் காதலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் முறிந்துகொண்டிருந்தபோது உருவானது என்பதே இதன் தனித்தன்மை. 2004, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளியான விரிவாக்கப் பதிப்புகள், அந்த நாட்களில் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிகழ்ந்தவற்றை ரசிகர்கள் கேட்டறிய வழிவகுத்தன.

முறிவுகளின் பின்னணி

1967ஆம் ஆண்டு லண்டனில் ப்ளூஸ் இசைக்குழுவாகத் தொடங்கப்பட்ட ஃப்ளீட்வுட் மேக், பின்னர் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது. டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்வீ, அவரது மனைவியும் கீபோர்டு கலைஞருமான கிறிஸ்டின் மெக்வீ ஆகியோருடன், காதலர்களாக இருந்த லிண்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் ஆகிய இருவரும் இணைந்தனர். இந்த ஐவர் அணி 1975இல் வெளியிட்ட முதல் ஆல்பம், மறு ஆண்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்தை எட்டியது.

அந்த வெற்றிக்கு இடையே மெக்வீ தம்பதி மணவிலக்குப் பெறும் நிலைக்கு வந்தனர். பக்கிங்ஹாமும் நிக்ஸும் பிரிந்தனர். ஃப்ளீட்வுட்டின் மணவாழ்வும் குலைந்தது. ஆயினும் குழுவைக் கலைக்காமல், 1976ஆம் ஆண்டு சாசலிட்டோ நகரில் உள்ள ரெக்கார்ட் பிளான்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் புதிய ஆல்பத்துக்கான பணியை ஐவரும் தொடங்கினர்.

ஒருவருக்கு ஒருவர் எழுதிய பாடல்கள்

பிரிந்த நிக்ஸைக் குறித்துப் பக்கிங்ஹாம் எழுதிய ‘கோ யுவர் ஓன் வே’ சினம் மிகுந்தது. அதே பிரிவை நிக்ஸ் தம் நோக்கில் நிதானமாகப் பதிவு செய்த பாடல் ‘ட்ரீம்ஸ்’. அமெரிக்கத் தனிப்பாடல் தரவரிசையில் இக்குழுவுக்கு முதலிடம் பெற்றுத்தந்த ஒரே பாடல் இதுவே. கிறிஸ்டின் மெக்வீ எழுதிய ‘யூ மேக் லவ்விங் ஃபன்’, அவரது புதிய காதலைப் பற்றியது. அந்தப் பாடலுக்குப் பேஸ் கிதார் வாசித்தவர் அவரது முன்னாள் கணவர் ஜான் மெக்வீ. ஒருவர் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுக்கு அவரே பின்னணிக் குரல் கொடுக்க வேண்டிய நிலையும் இருந்தது. ‘தி செயின்’ மட்டுமே ஐவரின் பெயரிலும் வெளியான பாடல். வெவ்வேறு முயற்சிகளில் எஞ்சிய பகுதிகளை ஒட்டி அது உருவாக்கப்பட்டது.

பல மாதங்கள் நீடித்த பணியில் மூல ஒலிநாடா திரும்பத் திரும்ப ஓட்டப்பட்டுத் தேய்ந்தது. டிரம்ஸின் கூர்மையான ஒலி மங்கியது. தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டிருந்த மற்றொரு நாடாவின் வேகத்தைக் கையாலேயே சரிசெய்து, பின்னர் சேர்க்கப்பட்ட குரல்களையும் கருவிகளையும் அதனுடன் பொருத்தியே ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் ஆல்பத்தை மீட்டனர்.

விடுபட்ட பாடல்

நிக்ஸ் எழுதிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ ஆல்பத்தில் இடம்பெறவில்லை. வினைல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நேரம் கூடக் கூட, பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டியிருக்கும். ஒலியின் வலிமையும் குறையும். இந்தக் காரணத்தால் நீண்ட பாடலான ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ நீக்கப்பட்டு, நிக்ஸின் மற்றொரு பாடல் சேர்க்கப்பட்டது. அவர் விரும்பாத முடிவு அது. பாடலின் வெளியீட்டு உரிமையை அவர் ஏற்கெனவே தம் தாய்க்கு அளித்திருந்தார்.

இறுதியில், ‘கோ யுவர் ஓன் வே’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் அப்பாடல் வெளியானது. ஒரு பிரிவைப் பற்றி இருவர் எழுதிய பாடல்களுள் ஒன்று புகழ்பெற்றது. மற்றொன்று அதன் பின்புறத்தில் தங்கியது. 1990களின் தொடக்கத்தில் தமது தனித் தொகுப்பில் அதைச் சேர்க்க நிக்ஸ் முயன்றபோது ஃப்ளீட்வுட் மறுத்தார். குழுவிலிருந்து நிக்ஸ் விலக அதுவும் ஒரு காரணமாயிற்று. 1997இல் ஐவரும் மீண்டும் இணைந்து வெளியிட்ட ‘தி டான்ஸ்’ நேரடி நிகழ்ச்சித் தொகுப்பின் வாயிலாகவே பாடல் பரவலாக அறியப்பட்டது. கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் விரிவாக்கப் பதிப்பில், ஆல்பத்தின் பாடல் வரிசைக்குள்ளேயே அது சேர்க்கப்பட்டது.

விரிவாக்கப் பதிப்புகளில் உள்ளவை

2004ஆம் ஆண்டுப் பதிப்பின் இரண்டாம் குறுந்தகட்டில் பாடல்களின் முதல் வரைவுகளும் பயன்படுத்தப்படாத ஒலிப்பதிவுகளும் இடம்பெற்றன. ஆல்பத்தின் 35ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2013 ஜனவரியில் வெளியான பதிப்பில், 1977ஆம் ஆண்டு உலகச் சுற்றுப்பயணத்தின் நேரடி ஒலிப்பதிவுகள் சேர்க்கப்பட்டன. அதன் பெரிய பெட்டித் தொகுப்பில் நான்கு குறுந்தகடுகளுடன் ஒரு டிவிடியும் வினைல் இசைத்தட்டும் இருந்தன.

இத்தகைய மறுவெளியீடுகள் பழைய சரக்கை மீண்டும் விற்கும் வணிக உத்தி என்ற விமர்சனம் உண்டு. கலைஞர்களே ஒதுக்கிவைத்த வரைவுகளை வெளியிடுவது முறையா என்ற கேள்வியும் எழுப்பப்படுகிறது. ‘ரூமர்ஸ்’ பொறுத்தவரை, வரைவுகளுக்குத் தனிப் பயன் உண்டு. இறுதி வடிவில் இனிமையாகப் பூசப்பட்டுள்ள பாடல்கள், தொடக்கத்தில் எவ்வளவு தளர்ந்த குரலில் பாடப்பட்டன என்பதை அவை உணர்த்துகின்றன. தனிப்பட்ட துயரம் பொதுமக்கள் விரும்பும் பாடலாக மாறிய படிநிலைகளை அவற்றில் பின்தொடரலாம்.

தொடரும் வரவேற்பு

அமெரிக்க ஆல்பம் தரவரிசையில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்த ‘ரூமர்ஸ்’, 1978இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. 2020ஆம் ஆண்டு, ஸ்கேட்போர்டில் சென்றபடி ஒருவர் ‘ட்ரீம்ஸ்’ பாடலுக்கு வாயசைத்த காணொளி சமூக வலைதளங்களில் பரவியதைத் தொடர்ந்து, ஆல்பம் மீண்டும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. கிறிஸ்டின் மெக்வீ 2022 நவம்பர் 30ஆம் தேதி தமது 79ஆவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டு, 1977 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் இங்கிள்வுட் நகரில் நடைபெற்ற இசை நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு ‘ரூமர்ஸ் லைவ்’ என்ற பெயரில் வெளியானது. உறவுகள் முறிந்த பின்னரும் இரவுதோறும் ஒரே மேடையில் அதே பாடல்களைப் பாடிய ஐவரின் குரல்களையும் இசையையும் அதில் கேட்கலாம்.