மடைக்காரருக்கும் வயல் இருந்தா...

எங்க தாத்தாவுக்கு அச்சன்புதூர்ல ஒரு துண்டு நஞ்சை இருந்தது. கடைமடை வயல். மேக்கரை மலையடிவாரத்துலேர்ந்து அனுமன் நதியில வர்ற தண்ணி, கால் காலாப் பிரிஞ்சு (எங்க பக்கம் வாய்க்காலைக் 'கால்'னுதான் சொல்லுவோம்), மேல உள்ள வயலெல்லாம் குடிச்சு முடிச்ச பிறகு மிச்சம் இருந்தா எங்களுக்கு. மடையைத் திறந்து அடைக்க ஒருத்தர் இருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனா அவர் சொந்தக்காரங்களுக்கும் அதே கால்ல வயல் உண்டு. ராத்திரி எத்தனை மணிக்கு மடை திறக்கும்ங்கிறது அவங்களுக்குச் சாயங்காலமே தெரிஞ்சிரும். தாத்தாவுக்கு விடிஞ்சப்புறம்தான் தெரியும்.

"என்ன வே, ராத்திரி தண்ணி விட்டீராமே, ஒரு சத்தம் கொடுக்கப்படாதா?"ன்னு கேட்டா, "முறைப்படிதானே அண்ணாச்சி விட்டேன்"ம்பார். பொய்யும் இல்லை. தெரிஞ்சவன் பாய்ச்சிக்கிட்டான், தெரியாதவன் தூங்கிட்டான், அவ்வளவுதான். ஒரு பிசானத்துல கதிர் பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி கிடைக்காம எங்க நெல்லு பாதி பதராப் போச்சு.

இயற்கை எரிவாயுக் குழாய்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சப்போ எனக்கு அந்த மடைதான் ஞாபகத்துக்கு வந்தது. குழாயும் கால் மாதிரிதான். ஒரு குழாய் போன வழியில இன்னொருத்தர் போட்டிக்குக் குழாய் பதிச்சா கட்டுப்படி ஆகாது. அதனால குழாய் வச்சிருக்கிறவர்தான் மடைக்காரர். அவரே, அல்லது அவரோட தம்பி கம்பெனியே, எரிவாயு வியாபாரமும் பண்ணினா? எந்தக் குழாயில எவ்வளவு இடம் காலியா இருக்கு, போட்டிக்காரன் எவ்வளவு கேட்டிருக்கான், எல்லாம் தம்பிக்கு முதல்லயே தெரியும்.

இந்தச் சிக்கலை முதலில் பெரிய அளவில் சந்தித்தது அமெரிக்கா. அங்கே 1938-ல் இயற்கை எரிவாயுச் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் குழாய்கள் அரசு ஆணையத்தின் கீழ் வந்தன. யாருக்கும் தகாத சலுகை காட்டக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் குழாய்க் கம்பெனியே கிணற்றடியில் வாங்கி, கொண்டுபோய், நகரத்தில் விற்கும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. அடுத்தவன் சரக்கைக் கொண்டுபோகணும்னு கட்டாயம் இல்லை.

1985-ல் 436-ஆம் ஆணை வந்து, கூலி கொடுத்தால் யார் சரக்கையும் ஏற்றலாம் என்று குழாயைத் திறந்துவிட வழி செய்தது. உடனே குழாய்க் கம்பெனிகள் வியாபாரத்துக்கென்று தனியாகத் தம்பி கம்பெனிகளை இறக்கிவிட்டன. அதற்குப் பதிலாக 1988-ல் 497-ஆம் ஆணை. அதன் சாரம் ரொம்ப எளிமை: குழாயை நடத்துகிறவர்களும் விற்கிறவர்களும் கூடியவரை வேறு வேறு ஆட்களாக இருக்கணும், தம்பிக்குச் சொன்ன சேதியை அதே நேரத்தில் எல்லாருக்கும் சொல்லணும், தம்பிக்குக் கொடுத்த தள்ளுபடியை மற்றவர்களுக்கும் கொடுக்கணும். 1992-ல் 636-ஆம் ஆணை இன்னும் ஒரு படி மேலே போய், விற்பனை வேறு, போக்குவரத்து வேறு என்று கட்டாயமாகப் பிரித்தது.

சரி, விதி போட்டாச்சு, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

2000-ஆம் ஆண்டு. எல் பாசோ என்ற குழாய்க் கம்பெனி, கலிஃபோர்னியாவுக்குப் போகும் தன் குழாயில் நாளொன்றுக்குச் சுமார் 120 கோடி கன அடி கொள்ளளவைத் தன் சொந்தத் தம்பி கம்பெனிக்கே ஏலத்தில் கொடுத்தது. கொஞ்ச நாளில் கலிஃபோர்னியாவில் விலை ஏறத் தொடங்கியது. இரண்டு மூன்று டாலருக்கு விற்ற அளவு, டிசம்பரில் சில நாள் ஐம்பது டாலரைத் தாண்டியது. எல்லாப் பழியையும் ஒருத்தர் தலையில் போடக் கூடாது. அந்த ஆகஸ்டில் அதே கம்பெனியின் குழாய் நியூ மெக்சிகோவில் வெடித்து 12 பேர் செத்தார்கள், வரத்து குறைந்தது. மின்சாரச் சந்தையிலும் ஏகக் குளறுபடி. ஆனாலும் ஆணையத்தின் நீதிபதி 2001 அக்டோபரில், அண்ணனும் தம்பியும் நடத்தை விதிகளை மீறினார்கள் என்றார். 2002 செப்டம்பரில், குழாயில் இடம் இருந்தும் தராமல் நிறுத்திவைத்தார்கள் என்றார். கம்பெனி தப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால் 2003-ல் சுமார் 170 கோடி டாலர் மதிப்பில் சமரசத்துக்கு வந்தது.

"முறைப்படிதானே விட்டேன்!"

நம்ம நாட்டுக்கு வருவோம். ஹஜிராவிலிருந்து விஜய்ப்பூர் வழியாக ஜகதீஷ்பூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போடுவதற்காக 1984-ல் கெயில் நிறுவனம் பிறந்தது. ஓஎன்ஜிசியிடம் வாங்கி, தன் குழாயில் கொண்டுபோய், உர ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் விற்றது. எல்லாமே அரசு, விலையும் அரசு வைப்பது. அதனால் அப்போது இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. தமிழ்நாட்டில் நமக்குக் கெயில் என்றால் நினைவுக்கு வருவது கொங்கு விளைநிலங்கள் வழியாகப் போட வந்த கொச்சிக் குழாயும், 2013 போராட்டமும், 2016-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்தான். குழாய் யார் நிலத்தில் போகுது என்று கேட்டோம், சரியான கேள்விதான். குழாய்க்குள்ளே யார் சரக்கு போகுது என்று யாரும் கேட்கலை.

தனியார் சரக்கும் கப்பலில் வரும் சரக்கும் பெருகிய பிறகு, 2006-ல் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டம் வந்தது. அதன் 21-ஆம் பிரிவைப் படிச்சா சுவாரசியமா இருக்கும். குழாய் போட்டவருக்குத் தன் தேவைக்கு முதல் உரிமை உண்டு என்று ஒரு கையால் கொடுக்கிறது. விற்பனையும் செய்கிறவர் துணை நிறுவன நடத்தை நெறிக்குக் கட்டுப்படணும், தேவைப்பட்டால் விற்பனையையும் குழாயையும் பிரிக்கச் சொல்லி வாரியம் கெடு வைக்கலாம் என்று இன்னொரு கையால் பிடிக்கிறது. அந்த நெறி 2008-ல் விதியாக வந்தது: தனிக் கணக்கு, வெளியாளிடம் நடப்பது போலவே தம்பியிடமும் நடப்பது, போட்டியாளர் தகவலைக் கசியவிடாமல் இருப்பது. குழாயில் சுமார் கால்வாசி இடம் மற்றவர்களுக்கென்று ஒதுக்கணும் என்பதும் விதிகளில் உண்டு. கெயிலை இரண்டாகப் பிரிக்கும் பேச்சு 2018 வாக்கில் தில்லியில் பலமாக அடிபட்டது. பேச்சு பேச்சாகவே நின்றுபோனது.

தமிழ்நாட்டில் 2019-ல் எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் திறந்தது. அது இந்தியன் ஆயிலின் துணை நிறுவனத்துடையது. அங்கிருந்து தெற்கே தூத்துக்குடிக்கு வரும் குழாய்த் திட்டம் இந்தியன் ஆயிலுடையது. அதில் ராமநாதபுரம் - தூத்துக்குடிப் பகுதி, 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2018 ஏலத்தில் கோயம்புத்தூர், சேலம் நகர எரிவாயு உரிமையும் அதே நிறுவனத்துக்குத்தான். தப்பு நடந்தது என்று நான் சொல்லவில்லை. அணையும் காலும் வயலும் ஒரே வீட்டில் இருக்கும்போது கணக்கு நோட்டு வாசலில் இருக்கணும் என்றுதான் சொல்கிறேன்.

போட்டவன் பணம் போட்டிருக்கான், அவனுக்கு லாபம் வேண்டாமான்னு கேட்கலாம். நியாயம்தான், கூலி வாங்கிக்கட்டும். ஆனா முறை எப்ப வரும்ங்கிற சேதியில லாபம் பார்க்கக் கூடாது.

பிற்பாடு ஊர்ல பெரியவங்க கூடி ஒரு வழி செஞ்சாங்க. அந்தக் கால்ல வயலோ வயலுள்ள சொந்தமோ இல்லாத ஒருத்தரை மடைக்கு வச்சாங்க. எந்த நாள், எந்த மடை, எத்தனை நாழின்னு டீக்கடைச் சுவத்துல கரிக்கட்டியால எழுதிப்போட்டாங்க. தண்ணி ஒரு சொட்டு கூடலை. ஆனா அதுக்கப்புறம் தாத்தா ராத்திரி மண்வெட்டியோட சரியான நேரத்துக்குப் போய் நின்னார்.

உங்க ஊர் மடைக்காரர் எப்படி? சொல்லுங்க.