பெயரும் பழியும்: கிடர்பூரை முன்வைத்து ஒரு சொல்வரலாறு

முன்னுரை

கொல்கத்தாவின் தென்மேற்கே ஊக்ளி ஆற்றை ஒட்டி அமைந்த கிடர்பூர், 1892இல் கப்பல்துறை திறக்கப்பட்ட பின்னர் மாலுமிகளும் சுமைதூக்குவோரும் வணிகரும் கூடும் பகுதியாக வளர்ந்தது. அதன் முன்ஷிகஞ்ச் தெருக்களில், உடலுறவுக்குக் கூலி பெற்று வாழும் பெண்கள் நெடுங்காலமாக இருந்து வருகின்றனர். அவர்களை எச்சொல்லால் சுட்டுவது என்பது மொழிபெயர்ப்பாளருக்கு எழும் முதற்சிக்கல். இது அகராதியால் தீர்வதன்று. ஒவ்வொரு சொல்லும் அப்பெண்ணைப் பற்றிய ஒரு தீர்ப்பைத் தன்னுள் கொண்டுள்ளது என்பதையும், மொழிபெயர்ப்பில் அத்தீர்ப்பு இடம்மாறுவதுண்டு என்பதையும் இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

மரபுச் சொற்கள்

வங்காளத்தில் வழங்கும் ‘பதிதா’ என்னும் சொல்லுக்கு ‘வீழ்ந்தவள்’ என்பது பொருள். அவர்கள் வாழும் இடம் ‘நிஷித்த பள்ளி’, அதாவது விலக்கப்பட்ட குடியிருப்பு. ஆனால், துர்க்கையின் படிமம் வனையும் களிமண்ணில் அவ்வில்லங்களின் வாயில் மண்ணையும் சேர்த்தல் வேண்டும் என்பதும் வங்காள மரபே. மண் புனிதமாகவும் பெண் விலக்காகவும் கொள்ளப்பட்ட இம்முரண், பழி என்பது செயலை மட்டும் சார்ந்ததன்று என்பதை உணர்த்தும்.

தமிழிலும் இத்தகைய முரண் உண்டு. திருக்குறளின் 92ஆம் அதிகாரம் ‘வரைவின் மகளிர்’ எனத் தலைப்புப் பெற்று அவர்தம் உறவைக் கடிகிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டோ 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு மனையும் பங்கும் அளித்துப் பெயர் பொறித்தது. கோயிற் பணியிலிருந்த இப்பெண்டுகளைப் பரத்தையரோடு ஒன்றாக எண்ணுதல் பிழையாகும். எனினும் இறைவனின் அடியாரைக் குறித்த ‘தேவரடியார்’ என்னும் சொல் பிற்காலத்தில் வசைச்சொல்லாகத் திரிந்தது. இழிபொருட்பேற்றுக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

சட்டமும் மொழிபெயர்ப்பும்

1868ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமாகிய தொற்றுநோய்ச் சட்டம், இப்பெண்கள் தம் பெயரைப் பதிவு செய்து மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும் என விதித்தது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் செயற்பட்ட இச்சட்டத்தை வங்காளத்து மக்கள் ‘சௌத்த ஆயின்’, அதாவது பதினான்காம் சட்டம் என்றே அழைத்தனர். சோதனைக்கு அழைக்கப்பட்டவர் பெண்களே. அவர்களிடம் வந்துசென்ற ஆண்கள் அல்லர். 1888இல் இச்சட்டம் நீக்கப்பட்டது.

விடுதலைக்குப்பின் 1956இல் இயற்றப்பட்ட சட்டம், 1986இல் திருத்தமும் புதுப்பெயரும் பெற்றது. அதன் தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல் குறிப்பது மனிதரை வைத்து நடத்தும் ஒழுக்கக்கேடான வாணிகத்தையே. சட்டம் முதன்மையாகத் தண்டிப்பதும் விடுதி நடத்துவோரையும் தரகரையும் பிறர் வருவாயில் வாழ்வோரையுமே. பொது இடங்களில் தொழில் நடத்துவதும் ஆள் அழைப்பதும் தவிர, அத்தொழிலைக் குற்றம் என அது கூறவில்லை. ஆனால் தமிழ் வழக்கில் அது ‘விபசாரத் தடுப்புச் சட்டம்’ ஆயிற்று. வாணிகம் என்னும் சொல் மறைந்து, பெண்ணின் நடத்தையைச் சுட்டும் சொல் அவ்விடத்தைப் பெற்றது. வாணிகம் நடத்துவோர்மேல் இருந்த குற்றம், இவ்வாறு பெயரளவில் பெண்மேல் ஏற்றப்பட்டது. கைதுச் செய்திகளில் ‘அழகி’ என எழுதும் நாளிதழ் வழக்கும் இதன் தொடர்ச்சியே எனலாம்.

தமக்குத் தாமே இட்ட பெயர்

1992இல் சோனாகாச்சியில் மருத்துவர் சுமரஜித் ஜானா தலைமையில் தொடங்கிய நோய்த்தடுப்புத் திட்டத்தின் வழியே, 1995இல் ‘துர்பார் மகிளா சமன்வய சமிதி’ உருவாயிற்று. ‘துர்பார்’ என்பது தடுக்கவியலாதது எனப் பொருள்படும். அரசவையைக் குறிக்கும் ‘தர்பார்’ அன்று. அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைக்க முற்பட்டபோது, உறுப்பினர் நன்னடத்தை உடையவராதல் வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசியர் எனப் பதிந்துகொள்ளலாம் என்ற யோசனையை ஏற்காது, தம் தொழிலைக் கூறியே பதிவு பெற்றனர். 1997 நவம்பரில் கொல்கத்தாவில் தேசிய மாநாடும் கூட்டினர்.

அவர்கள் ஏற்ற பெயர் ‘ஜௌனகர்மி’. வங்காளத்தில் ‘கர்மி’ என்பது அலுவலர், கட்சித் தொண்டர் முதலியோரையும் குறிக்கும் பொதுச்சொல். கூலி உழைப்பாளியைக் குறிப்பது ‘ஸ்ரமிக்’. ‘கர்மி’யாகிய தமக்கு ‘ஸ்ரமிக்’கின் உரிமை வேண்டும் என்பதே அவர்தம் முழக்கம். தமிழில் ‘பாலியல் தொழிலாளர் தொழிலாளர் உரிமை கேட்கின்றனர்’ என்று எழுதினால், இரு சொற்களும் ஒன்றாகிக் கோரிக்கையின் வலிமை மறைந்துவிடுகிறது.

மறுதரப்பு

இப்பெயரை எல்லோரும் ஏற்றிலர். ருசிரா குப்தா நிறுவிய ‘அப்னே ஆப்’ அமைப்பு கிடர்பூரிலும் பணியாற்றியது. வறுமையாலும் கடத்தலாலும் சிறுவயதிலேயே தள்ளப்பட்டவளைத் ‘தொழிலாளி’ என்பது அவளுக்கிழைத்த கொடுமையை மறைக்கும் என்பது இத்தரப்பின் வாதம்.

உச்ச நீதிமன்றமும் இதில் தடுமாறியுள்ளது. கொல்கத்தாவில் 1999இல் நிகழ்ந்த ஒரு கொலை வழக்கின் தொடர்ச்சியாக, மாண்புடன் வாழும் உரிமை இப்பெண்களுக்கும் உண்டு என 2022 மே 19 அன்று அது ஆணையிட்டது. 2023 ஆகஸ்டில் வெளியிட்ட சொற்கையேட்டில் ‘பாலியல் தொழிலாளி’ என்பதற்கு நேரான ஆங்கிலத் தொடரையே பரிந்துரைத்தது; கடத்தல் எதிர்ப்பு அமைப்புகள் மறுக்கவே, அதே ஆண்டு நவம்பரில் கடத்தப்பட்டவர், ஈடுபட்டுள்ளவர், கட்டாயப்படுத்தப்பட்டவர் எனப் பிரித்துச் சுட்டும் தொடர்களை அதனிடத்தில் வைத்தது.

முடிவுரை

எல்லோருக்கும் பொருந்தும் நடுநிலைச் சொல் ஒன்று இல்லை என்பதே இவ்வரலாறு தரும் முடிவு. ஆகவே பழைய ஆவணத்தின் இழிசொல்லை நாகரிகம் கருதி மாற்றுதலும், சங்கப் பெண்களின் கூற்றில் ‘விலைமகள்’ எனப் பெய்தலும், கடத்தப்பட்ட சிறுமியைத் ‘தொழிலாளி’ என்றலும் ஒத்த பிழைகளே. சொல்லியவர் யார், எவரைப்பற்றி, எக்காலத்தில் என்பதை ஆராய்ந்து சொல் தேர்தல் வேண்டும். மூலத்தில் இல்லாத பழியை ஏற்றாமையும், உள்ள பழியை மறையாமையும் மொழிபெயர்ப்பாளரின் கடன்.